வளையம் மாட்டிய மட்டை

பழைய பேஸ்பால் படங்களில் இப்படி ஒருவர் அடிக்கடி கண்ணில் படுவார். அடுத்து அடிக்க இறங்க வேண்டியவர் அவர். தன் முறைக்காக மைதானத்தின் ஓரத்தில் காத்திருக்கிறார். கையில் ஒரு மட்டை அல்ல, இரண்டு. சிலர் மூன்றுகூட வைத்திருப்பார்கள். அத்தனையையும் ஒரே பிடியில் அள்ளித் தோளுக்கு மேலே சுழற்றிக்கொண்டிருப்பார். முறை வந்ததும் உபரி மட்டைகளைப் புல்லில் போட்டுவிட்டு ஒற்றை மட்டையோடு நடப்பார். 1905-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் அணிக்கு ஆட வந்த டை காபின் பெயரோடு இந்தப் பழக்கத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். மூன்று மட்டைகளைச் சுழற்றிய கைக்கு ஒற்றை மட்டை துரும்பாகத் தெரியும், துரும்பாகத் தெரிவதை வேகமாகச் சுழற்றலாம் என்பது கணக்கு. பல பத்தாண்டுகள் இதை யாரும் பெரிதாகச் சோதித்துப் பார்க்கவில்லை. சோதிக்க என்ன இருக்கிறது? கையே சொல்கிறதே!

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த அவசரம் சட்டென்று பிடிபடாது. நம் ஆட்டத்தில் மட்டைக்காரர் ஐம்பது பந்துகளைத் தடுத்து ஆடிவிட்டு ஐம்பத்தோராவது பந்தை ஓங்கி அடிக்கலாம். பேஸ்பாலில் ஒருவருக்கு ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறைதான் வாய்ப்பு வரும். மட்டை உருளை வடிவம், பந்தும் உருண்டை. வீசினால் பெரும்பாலும் முழு வீச்சுத்தான். பிட்சர் மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால், பந்து அடிப்பவரிடம் வந்து சேர ஏறத்தாழ 0.4 விநாடி ஆகும். அதில் பெரும்பகுதி பந்தைப் பார்ப்பதிலும் அடிப்பதா விடுவதா என்று தீர்மானிப்பதிலும் போய்விடும். மட்டையைச் சுழற்ற மிஞ்சுவது சுமார் 0.15 விநாடி. ஆகவே மட்டை வேகத்தால் இரண்டு லாபம். அடித்த பந்து தூரம் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வேகமாகச் சுழற்றத் தெரிந்தவர் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம், அந்தத் தாமதம் முழுவதும் பந்தைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் என்பது ஆடியவர்களுக்குத்தான் உறைக்கும்.

அந்தக் காலத்து மட்டைகளே கனமானவை. பேப் ரூத் 40 அவுன்ஸுக்கு மேற்பட்ட மட்டைகளால் ஆடியவர். கிராமில் 1,130-ஐத் தாண்டும். சின்சினாட்டியின் எட் ரவுஷ் 48 அவுன்ஸ் மட்டையைத் தூக்கி ஆடினார். 1923-இல் யாங்கி ஸ்டேடியம் திறந்த நாளில் ரூத் முதல் ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்த மட்டை 2004-இல் ஏலத்துக்கு வந்து 12 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. இன்றைய வீரர் ஒருவர் அதைக் கையில் வாங்கினால், பயிற்சிக்காகச் செய்த மட்டை என்றே நினைப்பார். இப்போது அமெரிக்கப் பெரிய லீக் ஆட்டங்களில் புழங்குவது பெரும்பாலும் 31 முதல் 33 அவுன்ஸ். ஒரு கிலோவுக்கும் கீழே. ரூத்தின் ஆட்ட மட்டை இவர்களுடைய பயிற்சி மட்டையின் எடை. மட்டை மெலிந்துகொண்டே வந்த பிறகுதான் பயிற்சிக்கென்று தனியாக ஒரு கனம் தேவைப்பட்டது. அதற்கென்று ஒரு சந்தையும் உருவானது.

மெலிய வைத்தவர்களில் முக்கியமானவர் டெட் வில்லியம்ஸ். 1941-இல் .406 சராசரி அடித்தவர். அமெரிக்கன், நேஷனல் லீகுகளில் அதற்குப் பிறகு ஒரு பருவம் முழுக்க ஆடி .400-ஐ எட்டியவர் இல்லை. நல்ல உயரம், நல்ல பலம். கனமான மட்டை அவருக்குப் பொருட்டே அல்ல. இருந்தும் 33, 34 அவுன்ஸ் பக்கமே நின்றார். ஈரம் குடித்து மட்டையின் எடை கூடிவிடுகிறதே என்று கவலைப்பட்டு எடை போட்டுப் பார்ப்பார். அரை அவுன்ஸ் வித்தியாசத்தைக் கை சொல்லிவிடும் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. பந்தை எவ்வளவு தூரம் தள்ளுவது என்பதில் மட்டையின் கனத்தைவிட அதன் வேகத்துக்கே பங்கு அதிகம் என்று இயற்பியல்காரர்கள் எழுதுவதற்கு முன்பே அவர் கை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. கை எப்போதும் பொய் சொல்வதில்லை. எப்போது சொல்கிறது என்பதுதான் சிக்கல். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு மூன்று மட்டைகளைச் சேர்த்துப் பிடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. கைப்பிடிகள் ஒன்றோடொன்று உருளும். பிடி சரியாக அமையாது. ஆட்டத்தில் சுழற்றுவதுபோல் சுழற்றவும் முடியாது. இதற்கு மாற்றாக வந்தது ஓர் இரும்பு வளையம். அமெரிக்காவில் அதை டோனட் என்பார்கள். நடுவில் ஓட்டை உள்ள அவர்களுடைய பலகாரத்தின் பெயர். இரும்பின் மேல் வழவழப்பான உறை. மட்டையின் கைப்பிடி வழியாகக் கோத்து விட்டால், மட்டை தடித்து வரும் இடத்தில் சிக்கி நின்றுகொள்ளும். சுழற்றி முடித்ததும் கைப்பிடிக் குமிழைத் தரையில் ஓங்கி ஒரு தட்டு. வளையம் கழன்று இறங்கிவிடும். அந்தத் தட்டும் ஓசையும் அரை நூற்றாண்டாக ஆட்டத்தின் ஓர் அங்கம்.

1960-களின் இறுதியில் இந்த வளையம் சந்தைக்கு வந்தபோது அதன் மேல் இருந்த பெயர் எல்ஸ்டன் ஹோவர்ட். நியூ ஜெர்ஸியைச் சேர்ந்த தொழில்முனைவோருடன் சேர்ந்து அவர் அதைக் கொண்டுவந்தார். இந்தப் பெயரை அவ்வளவு எளிதாகக் கடந்து போகக் கூடாது. பெரிய லீகில் கறுப்பினத்தவரை விலக்கிவைத்த நிறத்தடையை ஜாக்கி ராபின்சன் 1947-இல் உடைத்த பிறகும் நியூ யார்க் யாங்கீஸ் அணி எட்டு ஆண்டுகள் ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. 1955-இல் சேர்ந்த முதல் ஆள் ஹோவர்ட். 1963-இல் அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவரும் அவரே. ஆடி முடித்ததும் யாங்கீஸின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். கேட்சராகப் பெயரெடுத்த மனிதர், ஆடும் காலத்தில் மட்டைகளை அடுக்கிச் சுழற்றிக்கொண்டிருந்த வழக்கத்தைக் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாக ஒழித்தார் என்று சொல்லலாம். வளையம் வந்த சில ஆண்டுகளில் பெரிய லீகிலிருந்து பள்ளி மைதானம் வரை அது பரவிவிட்டது.

பரவாத இடமும் உண்டு. பிட்ஸ்பர்க் பைரட்ஸின் வில்லி ஸ்டார்ஜெல் காத்திருக்கும் வட்டத்தில் சம்மட்டியைச் சுழற்றுவார். கல் உடைக்கும் நிஜச் சம்மட்டி. எஃகு ஆலைகள் நிறைந்த ஊரில், 1962 முதல் 1982 வரை ஒரே அணிக்கு ஆடி 475 ஹோம் ரன் அடித்தவர் அப்படிச் செய்தால், அதை எதிரணி பிட்சரும் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்? உடலைச் சூடேற்றுவதற்காகச் சுழற்றினாரா, பார்ப்பவர் நெஞ்சில் குளிர் ஏற்றுவதற்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. என் கட்சி இரண்டாவது. கனத்தைக் கையில் எடுப்பதில் எப்போதும் கொஞ்சம் நாடகம் கலந்தே இருக்கிறது.

கர்லாக்கட்டை சுற்றிய தாத்தாக்களின் ஊர்க்காரர்களுக்கு இதெல்லாம் புதிதாகத் தோன்றாது. கர்லாக்கட்டை 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படை வழியாக இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களுக்கும் போனது. பேஸ்பால் பந்து விற்ற ஸ்பால்டிங் நிறுவனம் கட்டைகளையும் விற்றது. 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றலுக்குப் போட்டியே இருந்தது. ஆனால் கர்லாவின் நோக்கம் வேறு. அது தோளையும் முதுகையும் திறக்க நிதானமாகச் சுற்றுவது. பேஸ்பால்காரருக்கு வேண்டியது அடுத்த 0.15 விநாடி.

ஜப்பானியர் கனமான மட்டையை இன்னொரு விதமாக எடுத்துக்கொண்டார்கள். பந்தே இல்லாமல் காற்றில் நூற்றுக்கணக்கில் சுழற்றும் பயிற்சி அங்கே பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறது. அதற்கென்று கடையில் விற்கும் கனமான மட்டையை மாஸ்காட் பேட் என்பார்கள். சதஹாரு ஓ பயிற்சியாளர் அரகாவாவின் வீட்டில், கூரையிலிருந்து தொங்கவிட்ட காகிதத் துண்டை நிஜ வாளால் வெட்டிப் பழகினார். வாள் மட்டையைவிடக் கனமா இலேசா என்பதல்ல விஷயம். காகிதத்தைப் பலத்தால் வெட்ட முடியாது. வாளின் பாதை வளைந்தால் காகிதம் ஆடிக்கொண்டு ஒதுங்கிவிடும். யோமியூரி ஜயன்ட்ஸுக்காக அவர் அடித்த 868 ஹோம் ரன்களுக்குப் பின்னால் இந்த வெட்டும் இருக்கிறது. பயிற்சிக் கருவி எடையைப் பற்றியது மட்டுமல்ல, மட்டை போகும் பாதையைப் பற்றியது என்று ஆய்வுக்கூடங்களுக்கு முன்பே காட்டியது அந்தக் காகிதம்.

ஆய்வுக்கூடம் பின்னால்தான் வந்தது. ஹவாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கூப் டெரென் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, பல எடைகளில் சுழற்றிவிட்டு உடனே வழக்கமான மட்டையைச் சுழற்றினால் வேகம் என்ன ஆகிறது என்று பார்த்தது. 30 அவுன்ஸ் மட்டைக்காரருக்கு நல்ல பலன் கொடுத்தவை 27 முதல் 34 அவுன்ஸ் வரையிலானவை. அதாவது சொந்த மட்டைக்குப் பத்து சதவீதம் சுற்றுவட்டத்தில். வளையம் மாட்டிய கனமான மட்டை பட்டியலின் அடியில் கிடந்தது. 2003-இல் டெக்சஸில் சதர்ட், குரூமர் என்ற ஆய்வாளர்கள் 34 அவுன்ஸ் வழக்கமான மட்டை, 56 அவுன்ஸ் கனமான மட்டை, 12 அவுன்ஸ் பிளாஸ்டிக் மட்டை மூன்றையும் ஒப்பிட்டார்கள். கனமானதைச் சுழற்றிவிட்டு வந்தவர்களின் வேகம் குறைந்தது. அதைவிட முக்கியம், சுழற்றும் விதமே மாறியிருந்தது. தோள், முழங்கை, மணிக்கட்டு ஒன்றன்பின் ஒன்றாக அவிழ வேண்டிய வரிசையில் கனம் கை வைத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது 2002-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட சிறிய சோதனை. கல்லூரி வீரர்கள் எட்டே பேர். மட்டையில் 800 கிராம் வளையத்தை மாட்டிச் சுழற்றச் சொன்னார்கள். கழற்றிவிட்டு வழக்கம்போல் சுழற்றச் சொன்னார்கள். வளையம் கழன்ற பின் வந்த முதல் வீச்சில் வேகம் 3.3 சதவீதம் குறைந்திருந்தது. ஆனால் கேட்டபோது பெரும்பாலோர், மட்டை இலேசாக இருக்கிறது, வேகமாகவும் போகிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கை அப்படித்தான் உணர்ந்தது. மட்டை இலேசாகத் தோன்றியது உண்மை. அந்த உண்மையிலிருந்து வேகமாகப் போகிறது என்று கை தானாக எடுத்த முடிவுதான் தவறு. டை காப் காலத்திலிருந்து ஒரு நூற்றாண்டு இந்த இரண்டையும் ஒன்றென்று நம்பிக் காத்திருப்பு வட்டத்தில் நின்றது.

3.3 சதவீதம் ஒரு பெரிய விஷயமா? பெரிய லீகில் சராசரி மட்டை வேகம் மணிக்குச் சுமார் 72 மைல். அதில் 3.3 சதவீதம் என்றால் இரண்டரை மைலுக்குக் கொஞ்சம் கீழே. மட்டை வேகம் ஒரு மைல் கூடினால் அடிபட்ட பந்தின் வேகம் ஏறத்தாழ 1.2 மைல் கூடும். பந்து வேகம் ஒரு மைல் கூடினால், உயர்ந்து பறக்கும் பந்து ஐந்தடி கூடுதலாகப் போகும். பெருக்கினால் பதினாலடி வருகிறது. வேலியைத் தாண்டுவதற்கும் வேலியோரத்தில் பிடிபடுவதற்கும் நடுவே பல நாள் இருக்கும் இடைவெளி அதுதான். கல்லூரி மாணவரின் முதல் வீச்சை வைத்துப் பெரிய லீக் வீரருக்குக் கணக்குப் போடுவது கறாரான முறையல்ல என்பது தெரியும். அளவு புரியட்டும் என்றுதான் போட்டேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லூரி வீரர்களிடம் பின்னாளில் நடந்த சில சோதனைகளில் எந்தக் கருவிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே தெரியவில்லை. ஆகவே வளையம் வேகத்தைக் கெடுக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வளையம் வேகத்தைக் கூட்டும் என்பதற்குத்தான் ஆதாரம் மெலிவு.

இத்தோடு கனமான மட்டை ஒழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை, இடம் மாறியது. அதே டெரென் 1995-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு பன்னிரண்டு வாரப் பயிற்சியைப் பற்றியது. வழக்கத்தைவிடக் கனமான மட்டை, இலேசான மட்டை, வழக்கமான மட்டை மூன்றையும் மாற்றி மாற்றிச் சுழற்றிய கல்லூரி வீரர்களின் வேகம் கூடியது. காற்றில் சுழற்றியவர்களைவிடப் பந்தை அடித்துப் பழகியவர்களுக்கு அதிகமாகக் கூடியது. எந்தக் கனம் இரண்டு நிமிடத்துக்கு முன்னால் எடுத்தால் கையைக் குழப்புகிறதோ, அதுவே மூன்று மாதத்துக்கு முன்னால் எடுத்தால் தசைக்குப் பாடமாகிறது. கனமானது விசையைக் கற்றுக்கொடுக்கிறது. இலேசானது உடலுக்குப் பழக்கமில்லாத வேகத்தைப் பழக்குகிறது. அன்று ஆட்டத்தின் ஓரத்தில் இருந்த பொருள் இன்று பருவம் தொடங்கும் முன் குளிர்காலப் பயிற்சிக் கூடத்தில் இருக்கிறது. பேஸ்பாலில் நடந்த மாற்றங்களில் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. என் கணக்கில் இது பெரிய மாற்றம்தான்.

தேர்ந்தெடுக்கும் விதமும் இதனாலேயே தலைகீழானது. அன்று இளைஞன் ஒருவன் கடைக்குப் போனால் கேட்டது, எது கனமானது என்பதை. தூக்க முடிந்ததில் பெரியதை வாங்கி வந்தான். இன்று விவரம் தெரிந்த பயிற்சியாளர் முதலில் கேட்பது அவனுடைய ஆட்ட மட்டையின் எடையை. சியாட்டில் அருகே கென்ட் நகரில் இயங்கும் டிரைவ்லைன் கூடம் ஒரு மட்டை நிறுவனத்தோடு சேர்ந்து கொண்டுவந்த பயிற்சித் தொகுப்பில் மூன்று மட்டைகள். இரண்டு, 20 சதவீதம் கனமானவை. ஒன்று, 20 சதவீதம் இலேசானது. 30 அவுன்ஸ் ஆடுபவருக்கு 36-உம் 24-உம். ரூத் பாணியில் 50 அவுன்ஸ் தூக்கச் சொல்லும் கதையே இல்லை.

கனமானவை ஏன் இரண்டு என்ற கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. எடை ஒன்றுதான், அது உட்கார்ந்திருக்கும் இடம் வேறு. ஒன்றில் கனம் மட்டையின் தடித்த பக்கம், மற்றதில் கைப்பிடிப் பக்கம். ஒரு பொருளைச் சுழற்றும்போது கை உணரும் பாரம் அதன் எடையை மட்டும் பொறுத்ததல்ல. எடை, சுழலும் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. அதுவும் அந்தத் தூரத்தின் வர்க்கத்தை. மட்டைகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் கைப்பிடிக் குமிழிலிருந்து ஆறு அங்குலத்தில் அச்சு இருப்பதாக வைத்து அளக்கின்றன. 16 அவுன்ஸ் வளையம் அந்த அச்சிலிருந்து இருபது அங்குலம் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே 16 அவுன்ஸை ஐந்து அங்குலத்தில் வைத்தால், சுழற்சிக்கு அது கொடுக்கும் தடை பதினாறில் ஒரு பங்குதான். தராசு இரண்டுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். கை இரண்டையும் வேறு வேறாக அறியும்.

ஹோவர்டின் வளையத்துக்கு இருந்த குறையும் இதுதான். கைப்பிடி மெல்லியது, ஓட்டை பெரியது. ஆகவே வளையம் போய் நிற்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, தடித்த பகுதியின் தொடக்கம். மிக அதிகமாகத் தடை கொடுக்கும் பக்கம். 31 அவுன்ஸ் மட்டையில் 16 அவுன்ஸ் வளையத்தை மாட்டினால் தராசில் பாதி எடைதான் கூடுகிறது. சுழற்சியில் அதற்கும் மேலே. பத்து, இருபது சதவீதம் என்று பேசுகிற பயிற்சியாளரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். மாறாக, மட்டையின் நீளத்துக்கு உறைபோல் ஏறும் எடைகள், குமிழ்ப் பக்கம் பொருத்தும் எடைகள், நான்கு இறக்கை வைத்த பிளாஸ்டிக் காற்றுத்தடைகள் என்று இப்போது வகைவகையாகக் கிடைக்கின்றன. காற்றுத்தடையின் தன்மை தனி. எடை, சுழற்சியின் தொடக்கத்திலேயே முழுப் பாரத்தையும் கொடுத்துவிடும். காற்று, வேகம் கூடக் கூடத்தான் தடுக்கும். எது நல்லது என்று கேட்டால், தன் மட்டையைப் போலவே பிடியும் நீளமும் உள்ள, சற்றே கனமான ஒரு முழு மட்டைக்கே என் ஓட்டு. மாட்டிக் கழற்றும் எதுவும் நழுவிப் பறக்கும் அபாயம் கொண்டது. பந்தை அடிக்கவும் உதவாது. பந்தை அடித்துப் பழகுவதில்தான் பலன் அதிகம் என்று பார்த்தோமே. ஆனால் வாங்கும் முன், அந்த மட்டை பந்தை அடிக்கச் செய்ததா, காற்றில் சுழற்ற மட்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நடுவராகக் கை இருந்த இடத்தில் இன்று ஒரு சின்னக் கருவி உட்கார்ந்திருக்கிறது. கைப்பிடிக் குமிழில் ஒட்டிக்கொள்ளும் உணரி ஒவ்வொரு வீச்சின் வேகத்தையும் கோணத்தையும் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். பெரிய லீக் மைதானங்களில் அதுகூட வேண்டாம். கூரையோரக் கேமராக்களே மட்டையைத் தொடர்கின்றன. 2024 மே மாதத்திலிருந்து அந்த எண்கள் ரசிகர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 75 மைலைத் தாண்டினால் வேகமான வீச்சு என்று வரையறை. யாங்கீஸ் வீரர் ஜியான்கார்லோ ஸ்டான்டனின் சராசரி 81-ஐத் தொட்டது. அன்று வீரர் மட்டையைச் சுழற்றிவிட்டு “நன்றாக இருக்கிறது” என்றால் அது தீர்ப்பு. இன்று அது ஒரு கருத்து. இதில் இழப்பும் உண்டு என்று எனக்குத் தோன்றும். பதினைந்து வயதுப் பையன் ஒவ்வொரு வீச்சுக்கும் கைப்பேசியைப் பார்த்தால், வேக எண் ஏறுவதற்காகவே கண்ணை மூடிச் சுழற்றப் பழகிவிடுவான். பந்து எங்கே வந்தது என்பதை உணரி கேட்பதில்லை.

சிறுவர்களைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. அமெரிக்காவின் லிட்டில் லீக் விதிகள் வளையத்தை அனுமதிப்பதில்லை. பன்னிரண்டு வயது வரையிலான பிரிவுகளில் காத்திருந்து மட்டை சுழற்றும் வட்டமே கிடையாது; முறை வந்த பிறகுதான் மட்டையைத் தொட வேண்டும். கூட்டமாக நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவில் இரும்பு மாட்டிய மட்டை சுழல்வது எப்படி முடியும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதற்கு அப்பாலும், பாதை இன்னும் படியாத கையில் கனத்தைக் கொடுத்தால் அது கனத்தைச் சமாளிக்கும் வழியைத்தான் கற்றுக்கொள்ளும். இலேசான மட்டையைக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இன்று இரவு எந்தப் பெரிய லீக் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தாலும் வளையம் இருக்கும். ஆய்வுகள் வெளிவந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. வீரர்கள் படிக்காதவர்கள் அல்ல, அவர்களுடைய அணிகள் இயற்பியல் முனைவர்களையே வேலைக்கு வைத்திருக்கின்றன. ஆனால் ஐயாயிரம் முறை ஒன்றைச் செய்துவிட்டு இறங்கியவருக்கு, அதைச் செய்யாமல் இறங்கினால் ஏதோ குறையும். 2023-இல் நேரக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து, ஒருவர் போய் அடுத்தவர் வர முப்பது விநாடிதான். பழையபடி நிதானமாகச் சடங்கு நடத்த நேரம் இல்லை. எனவே வளையத்தைத் தட்டிக் கழற்றிய பிறகு சொந்த மட்டையை இரண்டு மூன்று முறை சுழற்றிக்கொள்வது நல்லது என்பேன். ஜப்பானியச் சோதனையில் வேகம் குறைந்தது முதல் வீச்சில். அந்த முதல் வீச்சைப் பந்தின் மீது செலவழிக்காமல் காற்றில் செலவழித்துவிடலாமே.

இதற்கிடையில் ஆட்ட மட்டையே மறுபடி மாறுகிறது. 2025 மார்ச் இறுதியில் யாங்கீஸ் ஒரே ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன் அடித்தபோது, அவர்களில் சிலர் கையில் இருந்த மட்டையின் வடிவம் பேச்சாயிற்று. டார்பிடோ என்று பெயர். எம்.ஐ.டி.யில் இயற்பியல் படித்த ஆரன் லீன்ஹார்ட் முன்னின்று உருவாக்கியது. நுனியில் இருந்த மரத்தைக் கைப்பக்கமாக இழுத்து, பந்து அதிகமாகப் படும் இடத்தில் தடிமனைக் கூட்டியிருக்கிறார்கள். எடை மாறவில்லை, எடையின் இடம் மாறியிருக்கிறது. எனில் இதை ஆடுபவருக்குப் பயிற்சி மட்டை எது? 20 சதவீதம் கனமான வழக்கமான வடிவத்தை எடுத்தால், அவர் கைக்கு அது 20 சதவீதத்துக்கும் மேலே. கைப்பிடிப் பக்கம் கனம் வைத்ததை எடுத்தால் வேறு கணக்கு. தராசும் தடையும் வேறு வேறு என்று தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. கடையில் மட்டையின் மேல் அச்சிட்டிருப்பதோ இன்றும் அங்குலமும் அவுன்ஸும்தான். சுழற்சித் தடையின் எண்ணைப் போட்டு விற்கும் மட்டை என் கண்ணில் பட்டதில்லை. ஆகவே வாங்குபவர் பழையபடி அதைக் கையில் எடுத்து, ஆள் இல்லாத பக்கமாகத் திரும்பி, சுழற்றிப் பார்த்துத்தான் வாங்குகிறார்.